ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு நூறு வயது: யார் எப்போது உள்ளே வந்தார்கள்?

கேள்வி: நான் தலைமையாசிரியராக இருக்கும் கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி 1926-ல் தொடங்கப்பட்டதாக வாசல் பலகை சொல்கிறது. நூற்றாண்டு மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதித் தரச் சொல்கிறார்கள். இடம் கொடுத்தவர் பெயரும் பழைய தலைமையாசிரியர்கள் பட்டியலும் தவிர எங்களிடம் எதுவும் இல்லை. ஒரு கிராமத்துப் பள்ளி எப்படி வளர்ந்திருக்கும்? எதைத் தேட வேண்டும்?

பதில்:

இடம் கொடுத்தவர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள், அந்த மரியாதை அவருக்கு உரியது. ஆனால் மலரை அதோடு முடித்துவிடாதீர்கள். எந்தத் தெருப் பிள்ளை எந்த வருடம் முதன்முதலாக உள்ளே வந்து உட்கார்ந்தது, எந்த வகுப்போடு நின்றுபோனது என்பதுதான் ஒரு கிராமப் பள்ளியின் வரலாறு. கட்டிடமும் தலைமையாசிரியர் வரிசையும் அதற்குப் பிறகுதான். இதைச் சொல்லும் ஆவணம் உங்கள் பள்ளி பீரோவிலேயே இருக்கிறது. சேர்க்கை நீக்கல் பதிவேடு. அதைச் சரியாகப் படிக்க, தமிழ்நாட்டில் இந்தப் பள்ளிகள் வளர்ந்த கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதை முதலில் சொல்கிறேன்.

பலகையில் உள்ள 1926 என்பது பெரும்பாலும் பள்ளிக்கு அங்கீகாரமோ மானியமோ கிடைத்த வருடமாக இருக்கும். அதற்கு முன்னாலேயே அந்த ஊரில் யாரோ ஒரு வாத்தியார் யாருடைய திண்ணையிலோ பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-ல் கலெக்டர்கள் எல்லாரிடமும் அவரவர் மாவட்டப் பள்ளிக்கூடங்களின் கணக்கைக் கேட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் தொகை இருக்கிறது: மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. கம்பெனி அரசாங்கம் காசு கொடுக்காமல், ஊர்க்காரர்களே நெல்லும் பணமும் கொடுத்து நடத்திய பள்ளிகள் இவை. தமிழ் மாவட்டங்களில் படித்த பையன்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் சூத்திரர் என்று குறிக்கப்பட்டவர்கள். பெண் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை.

அந்தத் திண்ணைப் பள்ளியின் நாள் எப்படிப் போனது என்பதற்கு, பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்பெல் 1823-ல் அனுப்பிய பதில் நல்ல சாட்சி. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி. பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு மெல்ல ஒரு அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு. அப்புறம் ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடிக்க வேண்டும். நம் பக்கத்தில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்று மனப்பாடம் ஏறும். முந்திரி, காணி, மா என்று பின்ன வாய்பாடு ஓடும். பெரிய பையன் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பான், அவன்தான் சட்டாம்பிள்ளை. சென்னையில் எழும்பூர் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதே முறையில் பையன்களை வைத்துப் பையன்களுக்குப் பாடம் நடத்திப் பார்த்து, 1797-ல் இங்கிலாந்தில் அச்சிட்டு வெளியிட்டார். அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது மதராஸ் முறை என்ற பெயரோடு பரவியது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாராவது தம் தாத்தா படித்த திண்ணை எது என்று காட்டினால், அந்த வீட்டின் படத்தை மலரில் போடுங்கள்.

1854-ல் வந்த உட் அறிக்கைக்குப் பிறகு அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ச்சி முடிவைப் பார்த்து மானியம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, தேறிய தலைக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டுப் போவார். வாத்தியாரின் வயிற்றுப்பாடு அந்த ஒரு நாளில் இருந்தது. திண்ணை வாத்தியார்கள் பலர் இப்படித்தான் மானியப் பள்ளி ஆசிரியர்கள் ஆனார்கள். மிஷன் பள்ளிகளும் இந்த மானியத்தில்தான் பெருகின. உங்கள் வட்டாரத்தில் கத்தோலிக்கரின் பழைய ஆர்.சி. பள்ளியோ லுத்தரன் திருச்சபையின் டி.இ.எல்.சி. பள்ளியோ இருந்தால், அவர்களின் பதிவேடுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் அங்கே நடந்து போயிருக்கலாம்.

1926 என்ற வருடம் நம்பக்கூடியது என்பதற்கு ஒரு காரணம் சொல்ல முடியும். நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த 1920-ல்தான் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. மாவட்டக் கல்விக் கழகங்கள் அமைந்தன, உள்ளாட்சிகள் கல்வி வரி போட முடிந்தது. தாலுகா போர்டுகள் பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி திறக்கத் தொடங்கின. உங்கள் ஊர்க் கிழவர்கள் இன்றைக்கும் ‘போர்டு ஸ்கூல்’ என்று சொன்னால், உங்கள் பள்ளி இந்த அலையில் பிறந்தது. பிறகு ஜில்லா போர்டுக்குக் கை மாறியது. 1960-61-ல் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது ஒன்றியப் பள்ளி ஆனது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நூற்றாண்டு மலர்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

1926-ல் உங்கள் பள்ளி எந்தத் தெருவில் இருந்தது? கேட்டுக் கண்டுபிடியுங்கள். போர்டு பள்ளிகள் பலவற்றுக்குச் சொந்தக் கட்டிடம் கிடையாது. கோயில் மண்டபம், சாவடி, அக்ரகாரத்து வீடு, பெரிய பண்ணையாரின் களத்துக் கொட்டகை என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே நடந்தன. அந்த இடத்துக்குள் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் நுழையவே முடியாது என்றால், பள்ளி பொதுப் பணத்தில் நடந்தாலும் அவர்களுக்கு அது இல்லாத பள்ளிதான். அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1893-லேயே, பஞ்சமர் என்று அப்போது குறிக்கப்பட்ட தாழ்த்தப்பட்டோரின் கல்விக்கென்று ஒரு விரிவான அரசாணை வந்தது. அதற்கு அடுத்த வருடம் பிரம்மஞான சபையின் ஆல்காட் அடையாறில் அவர்களுக்கென்று இலவசப் பள்ளி திறந்தார். 1910-களின் கடைசியில், பொதுப் பணம் வாங்கும் பள்ளிகளில் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்ற ஆணைகள் வந்தன. தாழ்த்தப்பட்டோர் தலைவரான எம்.சி. ராஜா போன்றவர்கள் சட்டசபையில் இதை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆணை வந்த அன்றைக்கே கதவு திறந்துவிடவில்லை. சேரிப் பிள்ளை ஒன்று வந்து சேர்ந்தால் மற்ற பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று ஊர் மிரட்டும். மானியம் போய்விடுமே என்று வாத்தியார் பயப்படுவார், பிள்ளையை வெளியே தாழ்வாரத்தில் உட்கார வைப்பார். அதனால்தான், தாழ்த்தப்பட்டோர் நலனைக் கவனித்த லேபர் கமிஷனரின் கீழ் தனிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பழைய ஆட்கள் லேபர் ஸ்கூல் என்பார்கள். பிறகு ஹரிஜன நலப் பள்ளி என்று பெயர் மாறி, இன்றைக்கு ஆதிதிராவிடர் நலப் பள்ளியாக நிற்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வந்த வழியும் இதை ஒட்டியதுதான். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பிடியில் இருந்த சமூகத்துக்காகத் திறந்தவை அவை.

ஆகவே உங்கள் பதிவேட்டில் முதலில் தேட வேண்டியது, காலனித் தெருவிலிருந்து முதன்முதலாகச் சேர்ந்த பிள்ளையின் வரி. அது 1931-ல் இருக்கிறதா, 1948-ல் இருக்கிறதா, 1957-ல்தான் வருகிறதா? அந்த வருடத்தை மலரின் முதல் பக்கத்தில் போடலாம். அது கால்கோள் நாளைவிடப் பெரிய நாள். ஒரு எச்சரிக்கை மட்டும்: பதிவேட்டில் சாதி, தந்தை பெயர், தொழில் எல்லாம் இருக்கும். எண்ணிக்கையாகத் தொகுத்து எழுதுங்கள். தனி ஆளின் சாதியை அச்சிடாதீர்கள். அவர் குடும்பத்தைக் கேட்டு, அவர்கள் மனமுவந்து சம்மதித்தால் மட்டும் பெயரைப் போடுங்கள்.

இரண்டாவது, பெண் பிள்ளைகள். 1930, 40-களின் பக்கங்களில் பெண் பெயர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஊரில் தனியாகப் பெண் பாடசாலை இருந்து பிற்பாடு உங்கள் பள்ளியோடு சேர்க்கப்பட்டதா என்றும் விசாரியுங்கள். பெண் பெயர்களைப் பார்க்கும்போது சேர்ந்த தேதியோடு நின்றுவிடாமல் நீக்கிய தேதியையும் பாருங்கள். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட பெயர்கள் வரிசையாக வரும். காரணம் என்ற கட்டத்தில் ‘தொடர்ந்து வராமை’ என்று இரண்டு சொல்தான் இருக்கும். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டில் இருந்த பிள்ளைகள் அவர்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கில் தமிழகத்தில் எழுத்தறிந்த பெண்கள் 18 சதவீதம்தான், ஆண்கள் 44 சதவீதத்துக்கு மேல். அந்த இடைவெளி உங்கள் பள்ளியின் பழைய பக்கங்களிலேயே தெரியும்.

1953-54-ம் ஆண்டு வருகைப் பதிவேடு கிடைத்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். ராஜாஜி அமைச்சரவை கிராமத் தொடக்கப் பள்ளிகளில் மட்டும் நாளைக்கு மூன்று மணி நேரப் படிப்பு என்று மாற்றிய வருடம் அது. காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம். மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்பது திட்டம். இருக்கிற வாத்தியாரையும் கொட்டகையையும் வைத்தே இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. ஆனால் வண்ணான் பிள்ளை வெளுக்கவும், அம்பட்டன் பிள்ளை சிரைக்கவும் திரும்பிப் போக வேண்டுமா என்று நாடே கொதித்தது. பெரியாரும் தி.மு.க.வும் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. நல்லவேளை என்றுதான் நான் சொல்வேன்.

அதற்கு அடுத்து வரும் பத்தாண்டு, தமிழகத்துக் கிராமப் பள்ளிகளின் வரலாற்றிலேயே பெரிய காலம். நெய்யாடுபாக்கம் என்ற கிராமத்தில் பிறந்து வளர்ந்த நெ.து. சுந்தரவடிவேலுவைக் காமராஜர் பொதுக்கல்வி இயக்குநர் ஆக்கினார். பள்ளி இல்லாத ஊர்களைக் கணக்கெடுத்து, முதலில் ஐந்நூறு பேர் உள்ள ஊர், பிறகு முந்நூறு பேர் உள்ள ஊர் என்று இறங்கி, ஒரு மைலுக்குள் ஒரு பள்ளி என்று திறந்துகொண்டே போனார்கள். பணம் எங்கிருந்து வந்தது? படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்களுக்காக மத்திய அரசு ஒரு நிவாரணத் திட்டம் வைத்திருந்தது. அதில் ஓராசிரியர் பள்ளிகளுக்கு ஆள் போட உதவி கிடைத்தது. மற்ற மாநிலங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது சென்னை மாநிலம் அதைக் கைநிறைய வாங்கிக்கொண்டது. எட்டாம் வகுப்பு முடிவில் எழுதும் இ.எஸ்.எல்.சி. தேறிப் பயிற்சி முடித்த ஹையர் கிரேடு வாத்தியார்கள் ஆயிரக்கணக்கில் ஊர் ஊராகப் போனார்கள். ஒரே ஆள், ஒரே கொட்டகை, ஐந்து வகுப்பு. ஒரு வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மற்ற நான்கும் சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கும். சட்டாம்பிள்ளை முறை பேர் சொல்லாமல் திரும்பி வந்தது என்றே சொல்லலாம். 1955-ல் மானியப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு என்று மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. வாத்தியார் வேலைக்கு வந்தவர் அதிலேயே நிலைத்து நிற்க அது காரணம் ஆயிற்று.

அந்தக் காலத்துப் பக்கங்களில் பிறந்த தேதிகளைப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஏகப்பட்ட பிள்ளைகள் மே, ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள். பிறப்புச் சான்று ஏது? வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது. ஜூனில் பள்ளி திறக்கும் தேதியிலிருந்து ஐந்து வருடத்தைக் கழித்துத் தலைமையாசிரியர் ஒரு தேதி எழுதுவார். அந்தத் தேதியில்தான் பிற்பாடு வேலைக்குப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள்.

மதிய உணவுக்கு வருகிறேன். 1920-களிலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில், அதன் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில் சோறு போட்டுப் பார்த்தார்கள். அது நகரம். கிராமத்துக்கு அது காமராஜர் ஆட்சியில்தான் வந்தது. 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த அந்தத் திட்டம் முதலில் ஊர்க்காரர்கள் பிடி அரிசியும் காய்கறியும் விறகும் கொடுத்து நடந்தது, பிறகு அரசின் பங்கு வந்து சேர்ந்தது. அடுத்து, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாக நடந்தன. ஊர்க்காரர்கள் பெஞ்சு, கரும்பலகை, சுவர்க் கடிகாரம், பிள்ளைகளுக்குச் சீருடை, தட்டு, தம்ளர் என்று கொண்டுவந்து குவித்தார்கள். உங்கள் பள்ளி இருப்புப் பதிவேட்டில் ‘நன்கொடை’ என்று குறித்த பழைய சாமான்கள் இருந்தால் பெரும்பாலும் இந்த மாநாட்டுக் காலத்தவை. வருடத்தைப் பாருங்கள். பெரிய பணக்காரர் கொடுத்த நிலம் கல்வெட்டில் இருக்கிறது. ஒரு தம்ளர் கொடுத்த விவசாயக் கூலியின் பெயர் இருப்புப் பதிவேட்டில்தான் இருக்கும். அந்தப் பெயர்களை மலரில் முழுப் பக்கமாகப் போட வேண்டும் என்று உங்களிடம் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

1960-களுக்கும் எழுபதுகளுக்கும் அதிகம் சொல்வதற்கில்லை. ஓலைக் கொட்டகை ஓட்டுக் கட்டிடம் ஆயிற்று. ஆதாரக் கல்வி என்று நூல் நூற்கும் தக்ளி சுற்றியது, பிறகு அது மறைந்தது. சில பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை உயர்ந்து நடுநிலைப் பள்ளி ஆயின. ஒன்றிய ஆசிரியர்கள் ஒன்றியத் தலைவரான சேர்மன் வீட்டு வாசலில் மாறுதலுக்கு நின்ற காலமும் இதுதான். 1981 ஜூன் 1 முதல் அவர்கள் அரசு ஊழியர்கள் ஆன பிறகு அந்த நிலை மாறியது.

1982 ஜூலை 1. திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமப்புறத்துக்கு மட்டும். செலவுக்கு எங்கே போவது என்று கேட்காத பொருளாதார அறிஞர் இல்லை. உங்கள் பதிவேட்டில் 1981-82-ஐயும் 1982-83-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேர்க்கை கூடியிருக்கும். அதைவிட, சேர்ந்த பிள்ளை நின்றுபோகாமல் அடுத்த வகுப்புக்குப் போவதைப் பாருங்கள். பலரும் கவனிக்காத இன்னொன்று: இத்திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் வரவில்லை, இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் பாலர் மையத்தில் சோறு போட்டது. அதுவரை வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, தம்பியை அங்கே விட்டுவிட்டு வகுப்புக்கு வர முடிந்தது. பெண் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. ஊரில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெரும்பாலும் பெண்களுக்கே அந்த வேலைகள் போயின, அதில் கைம்பெண்களும் கைவிடப்பட்டவர்களும் நிறையப் பேர். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் சமைத்த சோற்றை எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்பது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. சில ஊர்களில் இன்றைக்கும் தகராறு வருகிறது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, படிப்படியாகக் கூடி 2010-ல் வாரத்துக்கு ஐந்து ஆனது. 2022 செப்டம்பரில் காலை உணவு சேர்ந்தது, 2023 ஆகஸ்டு முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. உங்கள் பள்ளியில் சமைத்தவர்களின் பெயர்களைத் தலைமையாசிரியர் பட்டியலுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

கரும்பலகைத் திட்டம் என்று 1987-ல் மத்திய அரசு கொண்டுவந்ததால் ஓராசிரியர் பள்ளிகள் பல ஈராசிரியர் பள்ளிகள் ஆயின, இரண்டு அறை கிடைத்தது. 2001-02-க்குப் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கூடுதல் வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் வந்தன. உங்கள் கான்கிரீட் கட்டிடம் அநேகமாக இந்தக் காலத்தது. 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்திலிருந்து கூரைக்குத் தீ பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. உங்கள் பள்ளியில் கூரை எப்போது மாறியது என்று எழுதும்போது இந்தக் காரணத்தையும் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

வகுப்பறைக்குள் நடந்த பெரிய மாற்றம் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தில் ரிஷிவேலிப் பள்ளி தன்னைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நடத்திய பல வகுப்புப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் கொண்டுவந்தார்கள். 2007-08-ல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் போனது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கரும்பலகை வரைந்து ஆளுக்கொரு கட்டம் கொடுத்தார்கள். ஏணிப்படி அட்டவணையில் தன் படி எது என்று பிள்ளையே பார்த்து அட்டையை எடுத்தது. நன்றாக நடத்திய பள்ளிகளில் அருமையாக நடந்தது, எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் அட்டைகள் அலமாரியில் தூங்கின. இரண்டையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், உங்கள் பள்ளியில் எது நடந்தது என்பதை அந்தக் காலத்து மாணவர்களிடமே கேளுங்கள். இப்போது இருபத்தைந்து வயதை ஒட்டியிருப்பார்கள், நன்றாக நினைவிருக்கும்.

கடைசியாக, சுருங்கும் காலம். இதை மறைத்து எழுதாதீர்கள். 1990-களில் நூற்றைம்பது பிள்ளைகள் இருந்த பள்ளியில் இன்று இருபது பேர் இருந்தால், காரணத்தை வாசகர் தெரிந்துகொள்ளட்டும். தனியார் நர்சரிப் பள்ளி வேன் ஊருக்குள் வந்தது ஒன்று. ஆங்கில வழி என்ற ஆசை ஒன்று. அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் 2013-14 வாக்கில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கின, ஆனால் வேன் அதற்கு முன்பே வந்துவிட்டது. இன்னொன்று, பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஊரை விட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன குடும்பங்கள் வேறு. கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றாலும், ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும் நிலை பழையபடி இருக்கிறது. இன்றைக்கும் அங்கே மிச்சம் இருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று பாருங்கள். பெரும்பாலும் நூறு வருடத்துக்கு முன்னால் உள்ளே விடப்படாதவர்களின் பேரன் பேத்திகள். அவர்கள் உள்ளே வந்து சேர்ந்த நேரத்தில் வசதியுள்ளவர்கள் வெளியே போய்விட்டார்கள். எனக்கு இது மனதை அறுக்கும் விஷயம். பள்ளியை மூடலாமா, பக்கத்துப் பள்ளியோடு இணைக்கலாமா என்று பேச்சு வரும்போது, இந்த நூறு வருடப் பதிவேட்டை யாராவது மேசையில் எடுத்து வைக்க வேண்டும்.

இனித் தேடும் வழி. சேர்க்கை நீக்கல் பதிவேட்டின் முதல் தொகுதி இல்லை என்றால் பயந்துவிடாதீர்கள். உங்கள் பள்ளியே ஒரு காலத்தில் நடுநிலையாகி, பிறகு உயர்நிலையாக உயர்ந்து, தொடக்கப் பிரிவு தனியாகப் பிரிந்திருந்தால், பழைய பதிவேடு அந்த உயர்நிலைப் பள்ளியில் தங்கியிருக்கும். வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பதிவறையில் அங்கீகார ஆணையின் நகல் கிடைக்கலாம். பார்வையாளர் பதிவேட்டில் டெபுடி இன்ஸ்பெக்டர்கள் எழுதிய குறிப்பு ஒவ்வொன்றையும் படியுங்கள். எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், கூரை ஒழுகியதா, எந்தத் தெருப் பிள்ளைகள் வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். நிலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரமும், கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேடும் பாருங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாணக் கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளும் அரசாணைகளும் இருக்கின்றன. 1961 மாவட்ட மக்கள்தொகைக் கையேட்டில் ஊர்வாரியாகப் பள்ளி இருந்ததா என்ற குறிப்பு உண்டு. எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்த மாதமே போய்ப் பேசி, கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊர்த்தெருவில் பேசிவிட்டுக் காலனித் தெருவை விட்டுவிடாதீர்கள். இரண்டு தெருவும் ஒரே பள்ளியைப் பற்றிச் சொல்லும் கதை ஒன்றாக இருக்காது, இரண்டையும் அப்படியே அச்சிடுங்கள்.

பதிவேட்டிலிருந்து ஒரு அட்டவணை மட்டும் தயார் செய்தால் போதும்: பத்து வருடத்துக்கு ஒரு வரி, அதில் சேர்ந்த ஆண்கள், சேர்ந்த பெண்கள், காலனித் தெருவிலிருந்து வந்தவர்கள், ஐந்தாம் வகுப்பை முடித்தவர்கள். இரண்டு ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் உட்கார்ந்தால் முடிகிற வேலை. பழைய தாள் ஒடிந்துவிடும், முதலில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு பிறகு எண்ணுங்கள். அந்த அட்டவணையை வாழ்த்துச் செய்திகளுக்கும் விளம்பரங்களுக்கும் முன்னால் வையுங்கள்.